ஸ்டோர் பொன்னையாவின் ரூம்

ஹட்டனில் ஏசி பூட்டுகிறவன் என்று சொன்னால் ஆட்கள் என்னை ஒருமாதிரியாகத்தான் பார்ப்பார்கள். பல் அடிக்கிற குளிரில் உனக்கு என்ன வேலை என்று முகத்துக்கு நேராகவே கேட்டவர்கள் உண்டு. எனக்கு வேலை மலைக்குக் கீழே இருக்கிறது. மார்ச் மாதம் கினிகத்தேனைக்கு இறங்கி, தகரக் கூரை போட்ட ஒரு மாடி அறையில் மத்தியானம் கால் மணி நேரம் நின்று பாருங்கள், என் பிழைப்பு எப்படி ஓடுகிறது என்று தெரியும். கையில் காசு வந்ததும் எல்லோரும் மாடி கட்டுகிறார்கள். மாடிக்கு மேலே கொங்கிரீட் போட முடியாமல் தகரம் போடுகிறார்கள். அதற்குப் பிறகு சுதாகரனைக் கூப்பிடு என்கிறார்கள். சுதாகரன் நான்தான்.

அப்படி ஒரு மாடியில் தனக்கென்று ஒரு ரூம் இருப்பதாக நம்பியிருந்தவர் பொன்னையா மாமா. அவரை நம்பவைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. அந்த ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன். ஆத்திரத்தில் பாதி என் மேலேயே.

லிந்துலைக்கு மேலே எங்கள் தோட்டத்து மேட்டு லயத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைக் காம்பராக்களில் நாலாவது மாமாவுடையது, ஐந்தாவது எங்களுடையது. நடுவில் ஒற்றைச் சுவர். அவர் இருமினால் என் அம்மா இங்கே சுடுதண்ணீர் வைப்பாள். சொந்தம் என்று பார்த்தால் ஒன்றும் கிடையாது, ஆனால் பேசத் தெரிந்த நாளிலிருந்து எனக்கு அவர் மாமா, அவருக்கு நான் மாப்ள.

எங்கள் டிவிசனில் மூன்று பொன்னையாக்கள் இருந்தார்கள். மாடு வளர்த்தவர் மாட்டுப் பொன்னையா. குள்ளமானவர் கட்டைப் பொன்னையா. இவர் ஸ்டோர் பொன்னையா. தேயிலை ஃபேக்டரியை எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள், வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்தே அப்படித்தான். அங்கே முப்பத்தாறு வருடம் வேலை செய்ததால் அந்தப் பெயர். கடிதத்தில் அப்படி எழுதியிருந்தால்தான் தபால்காரர் சரியான கதவைத் தட்டுவார். மாமாவுக்கு அதில் கொள்ளைப் பெருமை. ஒருவனுக்கு மாட்டால் பெயர், இன்னொருவனுக்கு உயரத்தால் பெயர், தனக்கு மட்டும் வேலையால் பெயர் என்று சொல்லிச் சிரிப்பார்.

ஸ்டோரின் மேல்மாடியில் கொழுந்து வாட்டுவது அவர் வேலை. மலையிலிருந்து வந்த பச்சைக் கொழுந்தை நீளத் தொட்டிகளில் பரப்பி, கீழேயிருந்து ஃபேன் வைத்துக் காற்று விடுவார்கள். மழை நாளில் சூடான காற்று, வெயில் நாளில் வெறும் காற்று. சூடு கூடினால் கொழுந்து கருகும், குறைந்தால் அரைக்கும்போது பிசுபிசுக்கும். டீமேக்கர் ஐயாவிடம் இரண்டு தெர்மாமீட்டர் இருந்தன. ஒன்றின் முனையில் ஈரத் துணி சுற்றியிருக்கும். மாமாவிடம் இருந்தது வலது கை. ஒரு பிடி கொழுந்தை அள்ளி உள்ளங்கையில் இறுக்குவார். கையைத் திறந்ததும் கொழுந்து துள்ளி விரிந்தால் இன்னும் வாட வேண்டும். இறுகியபடியே கிடந்தால் பதம்.

புதிதாக வந்த டீமேக்கர் ஒருவர் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, கொழுந்தைக் கீழே இறக்கச் சொன்னாராம். இன்னும் ஒரு மணி நேரம் வேணுங்க என்றாராம் மாமா. "ஒனக்கு என்னய்யா தெரியும்?" என்று ஐயா கேட்டதும், ஒரு பிடியை அள்ளி ஐயாவின் கையிலேயே வைத்து மூடிவிட்டார். ஐயா கையைத் திறந்தார். கொழுந்து விரிந்தது. அன்றைக்குப் பிறகு, "பொன்னையா, இறக்கலாமா?" என்று கேட்காமல் அந்த மாடியிலிருந்து எதுவும் கீழே போனதில்லை.

சம்பளத்தில் மட்டும் அந்தக் கைக்குத் தனி மரியாதை கிடையாது. தோட்டத்தில் ஒரு நாள் கூலியைப் பேர் என்பார்கள். முழு நாள் செய்தால் முழுப் பேர், கணக்கப்பிள்ளைக்கு மனம் வராவிட்டால் அரைப் பேர். மாமாவின் மனைவி மீனம்மா அத்தை கொழுந்து எடுத்தே தேய்ந்தவள். கூடை நிறைய எடுத்தும் அரைப் பேர் விழுந்த நாட்களில், வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவள் போய்ச் சேர்ந்தபோது மகன் கோகுலராஜ் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தான். மாமா அவனைத் தோட்டத்து வேலைப் பக்கம் எட்டிப் பார்க்கவும் விடவில்லை. படித்தான். வாகனத்துக்குக் கடன் கொடுக்கிற ஒரு கம்பெனியில் கழுத்தில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். கினிகத்தேனை பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவரின் மகள் லோஜினியைக் கட்டினான். மாமனார் கடைக்குப் பின்னாலேயே, பின் ரோட்டைப் பார்த்தபடி காணியும் கிடைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோகுல் லயத்துக்கு வந்தான், கையில் சுருட்டிய வீட்டுப் பிளான். கீழே ஹாலும் குசினியும், மேலே மூன்று ரூம். மாமா வேலையிலிருந்து நின்றபோது கிடைத்த பணம் முழுவதும் அந்த மாடிக்குத்தான் போகப் போகிறது. "ஒங்களுக்கும் மாடியிலேயே எடம் இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு, பிளானின் ஒரு பிரதியைக் கொடுத்துப் போனான்.

அவன் போனதும் மாமா என்னைக் கூப்பிட்டார். பிளான் இங்கிலீசில் இருந்தது. மாமாவுக்கு இங்கிலீசு தெரியாது, ஆனால் ஐந்து எழுத்து தெரியும். ஃபேக்டரிச் சுவரில் ஆளுயரத்தில் எழுதியிருந்த ஐந்து எழுத்து. அதன் கீழேதான் முப்பத்தாறு வருடம் போய் வந்தார். மேல்மாடியில் பின்பக்கத்துச் சின்ன ரூமின் நடுவில் அதே ஐந்து எழுத்து.

"இது என்னா மாப்ள? படி."

"ஸ்டோர், மாமா."

"மத்த ரெண்டு ரூமுக்கும்?"

"பெட்ரூம் ஒண்ணு. பெட்ரூம் ரெண்டு."

மாமா நிமிர்ந்து பார்த்தார். "பாத்தியா? அதுக்கெல்லாம் வெறும் நம்பருதான். எனக்கு மட்டும் பேரு போட்டிருக்கான். முழுப் பேரு."

அப்போதே நான் எத்தனையோ வீடுகளுக்கு ஏசி பூட்டிவிட்டேன். பிளானில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சாமான் போட்டு வைக்கிற இருட்டறை. அதற்கு ஜன்னல்கூட வரையமாட்டார்கள். சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் முகம் இருந்த இருப்பில் எனக்கு வாய் வரவில்லை. "ஆமா மாமா, ஒங்க பேருதான்" என்றேன். அந்தப் பிளானை மாமா லயம் முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினார். கட்டைப் பொன்னையா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

வீடு எழும்பியது. மாமா காம்பராவைத் தோட்டத்திடம் ஒப்படைத்தார். தோட்டத்தில் வேலை செய்கிற ஆள் இல்லாத குடும்பத்துக்குக் காம்பரா எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குச் சௌகரியமாகப் போயிற்று. அடுத்த வாரமே வேறு ஒரு குடும்பம் அங்கே அடுப்பு மூட்டியது. கினிகத்தேனையில் அந்த ஒரு ரூம் இல்லை என்றால் அவருக்கு இந்த உலகத்தில் வேறு ரூம் கிடையாது. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கோகுலுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மாடி கட்டி வந்த முதல் மார்ச்சிலேயே கோகுல் எனக்குப் போன் எடுத்தான். "சுதா, மேல இருக்கவே ஏலாது. வந்து அளந்துட்டுப் போ."

போனேன். முன்ரூம் கோகுலுக்கும் லோஜினிக்கும். நடுரூம் அவர்களுடைய மகள் நிலக்ஷிக்கு. இரண்டையும் அளந்தேன். எந்தச் சுவரில் வெயில் விழுகிறது, ஜன்னல் எத்தனை, சீலிங்குக்கும் தகரத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று எழுதிக்கொண்டேன். பிறகு பின்ரூமின் கதவைத் தள்ளினேன். முகத்தில் சூடு அடித்தது. மேற்குச் சுவர். ஜன்னல் இல்லை, உயரத்தில் நாலு காற்றுத் துவாரக் கல் மட்டும். சீலிங்கும் அடிக்கவில்லை, அண்ணாந்தால் வெறும் தகரம். ஒரு சுவர் நெடுக மாமனார் கடையின் சவர்க்காரப் பெட்டியும் பிஸ்கட் பெட்டியும் சீனி மூட்டையும். மிச்ச இடத்தில் ஒரு கட்டில். கட்டிலில் மாமா, வெறும் உடம்போடு. தலைமாட்டில் ஒரு ஈரத் துவாய் தொங்கிக்கொண்டிருந்தது.

"வா மாப்ள. இதப் பாரு, காலையில எட்டு மணிக்கு நனைச்சுப் போட்டா பத்துக்கெல்லாம் காஞ்சிருது. மழைக் காலத்துல ஸ்டோருல கூட இப்படிக் காய வச்சதில்ல."

"எப்படி மாமா இருக்கீங்க இதுக்குள்ள?"

"எனக்கென்ன. பேரு போட்ட ரூமு." சிரித்தார். கண் உள்ளே போயிருந்தது.

அதோடு விட்டாரா? எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு, எனக்கு வேலை சொல்லிக் கொடுக்க வந்துவிட்டார். சூடு தகரத்திலிருந்துதான் இறங்குகிறது. அதை மேலேயே வெளியே விட வேண்டும். கூரை உச்சியில் இரண்டு பக்கமும் துவாரம் வை, தகரத்துக்குக் கீழே வெள்ளித் தாள் அடி, மூன்று ரூமுக்கும் சீலிங் போடு. அப்புறம் சின்ன ஏசியே போதும், வாங்கினாலும் வாங்காவிட்டாலும் சரி. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன், என்ன, அப்படிச் சொன்னால் எனக்கு வியாபாரம் நடக்காது.

கோகுல் பொறுமையில்லாமல் கேட்டுக்கொண்டு நின்றான். "அப்பா, அது கொழுந்துக்கு. இது மனுசங்க இருக்கிற வீடு."

"மனுசனும் வாடுவான் தம்பி" என்றார் மாமா.

அப்போது தேத்தண்ணீரோடு படியேறி வந்த லோஜினியிடம், எத்தனை ஏசி என்று கேட்டேன். இரண்டு என்றாள். பின்ரூமுக்கு என்று இழுத்தேன்.

"ஸ்டோருக்கு எதுக்குங்க ஏசி?"

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "அதானே. ஸ்டோருக்கு ஏசி எதுக்கு? ஸ்டோரு பார்க்காத சூடா? புள்ளைங்களுக்குப் போடு மாப்ள."

லோஜினி புரியாமல் புருசனைப் பார்த்தாள். அவளுக்கு எப்படிப் புரியும்? தன் அப்பா ஃபேக்டரியில் பெரிய சுப்பர்வைசர் என்று சொல்லித்தான் கோகுல் பெண் எடுத்தான். ஸ்டோர் பொன்னையா என்ற பெயர் அந்த வீட்டு வாசலைத் தாண்டியதே இல்லை. மருமகள் தன்னைச் செல்லமாகப் பெயர் சொல்லிக் கேலி செய்கிறாள் என்று மாமா நினைத்தார், அவள் ரூமைச் சொன்னாள். கோகுலுக்கு மட்டும் இரண்டும் புரிந்தது. அவன் கைப்பேசியை எடுத்துப் பார்த்தான். லோஜினியைக் கெட்டவள் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். மாமாவுக்கு நேரத்துக்குச் சோறு போட்டவள் அவள். கோகுலுக்கு அப்படி ஒரு சாட்சி சொல்ல எனக்கு மனசில்லை.

அடுத்த வாரம் பூட்டப் போனேன். உள்ளே மாட்டுகிற இரண்டும் சிக்கலில்லாமல் ஏறின. வெளியே வைக்கிற பெட்டிகளில்தான் வில்லங்கம். ரூமிலிருந்து உறிஞ்சுகிற சூடு முழுவதையும் அந்தப் பெட்டி வெளியே ஊதித் தள்ளும். அதை எங்கே வைப்பது? ரோட்டுப் பக்கம் வைத்தால் வீட்டின் முகம் கெட்டுப்போகும் என்றான் கோகுல். பக்கவாட்டில் வைக்கலாம் என்று ஏணியைச் சாத்தினால், பக்கத்து வீட்டுச் சிங்கள ஐயா வேலியருகே வந்து நின்றார். அவர் அந்தூரியம் வளர்க்கிறவர். "மே பெத்தட்ட எபா" என்றார், இந்தப் பக்கம் வேண்டாம். சூட்டில் பூ வாடிவிடும் என்றார். கோகுல் சிங்களத்தில் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டு, ஏணியை எடுக்கச் சொன்னான்.

"பின்னால வச்சிரு சுதா."

பின்னால் என்றால் பின்ரூமின் மேற்குச் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கொங்கிரீட் தட்டு. ஒரு பக்கம் மேற்குச் சுவர், மறுபக்கம் கடைக் கட்டிடத்தின் சுவர். ஊதுகிற சூடு கடைச் சுவரில் மோதி, நேராக அந்த நாலு துவாரக் கல்லுக்குள்தான் திரும்பும்.

"அங்க மாமா இருக்காரே கோகுல். கொஞ்சம் கூடக் குழாய் போட்டா கூரைக்கு மேல ஏத்திரலாம்."

"கூரைய ஓட்டை போட வேணாம். அது ஸ்டோர் ரூம்தானே, வை."

மாமா எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்ததை நாங்கள் இருவரும் பார்க்கவில்லை.

"தம்பி," என்றார், நிதானமாகத்தான். "அது என் ரூமுப்பா. நீதானே பேரு போட்டுக் குடுத்த?"

"என்ன பேருப்பா?"

"ஸ்டோருன்னு."

கோகுலுக்கு வெயில், வேலை, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாம் சேர்ந்து தலைக்கு ஏறியிருந்தது. "ஐயோ அப்பா. அது ஒங்க பேரு இல்ல. ஸ்டோர்னா சாமான் வைக்கிற எடம். வீடு கட்டுற எல்லாரும் பிளான்ல அப்படித்தான் போடுவாங்க. நீங்க இருக்கிற வரைக்கும் அதுல ஒரு கட்டில் போட்டுக் குடுத்திருக்கோம், அவ்வளவுதான்."

மாமா மகனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"மாப்ள?"

அந்த ஒரு வார்த்தைதான். நீதானே படித்தாய் என்று கேட்கவில்லை. நான் கையிலிருந்த ஆணிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பையைத் தூக்கிக்கொண்டு, உன் ஏசியை நீயே பூட்டு என்று இறங்கிப் போயிருக்கலாம். இறங்கவில்லை. என் வயிற்றுக்கும் சோறு வேண்டும் என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது ஒரு சாக்கு என்று இப்போது தெரிகிறது.

"பூட்டு மாப்ள," என்றார் மாமா. "வெயில் ஏறுதில்ல."

பூட்டினேன். சோதித்துப் பார்க்க இரண்டையும் ஓடவிட்டேன். முன்ரூமில் லோஜினி ஜில்லென்று இருக்கிறது என்று சத்தம் போட்டாள். நான் பின்ரூமுக்குப் போனேன். மாமா கட்டில் மேல் ஏறி நின்று, துவாரக் கல்லுக்கு நேராக வலது கையை நீட்டிக்கொண்டிருந்தார். வெளியே பெட்டி ஊதுகிற சூடு அவர் முகத்தில் அடித்தது. காற்றை ஒரு பிடி பிடித்து இறுக்கி, கையைத் திறந்து பார்த்தார்.

"பதந்தான்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அழாமல் கூலியை வாங்கிக்கொண்டு ஹட்டன் பஸ் ஏறினேன்.

நாலைந்து நாளில் மாமா துணிப்பையோடு கிளம்பிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். தோட்டத்தில் இருக்கிற தங்கச்சி வேலாயியைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னாராம். திரும்பவில்லை. ஏசியைத் துடைத்துக் கொடுக்க மே மாதம் அந்த வீட்டுக்குப் போனபோது பின்ரூமின் கதவு திறந்துகிடந்தது. கட்டிலைக் காணோம். சீனி மூட்டைகள் கூரை வரை ஏறியிருந்தன. அப்பா எங்கே என்று கேட்டேன். "அவருக்குத் தோட்டந்தான் சரிப்படுது சுதா, இங்க சூடு ஒத்துக்கல" என்றான் கோகுல். ஏசியின் குளிர்காற்று அவன் தலைமுடியை அசைத்துக்கொண்டிருந்தது. எனக்கு அவனை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது.

போன மாதம் அம்மாவைப் பார்க்க லிந்துலைக்குப் போனேன். பஜாரில் தேத்தண்ணீர்க் கடை வாசலில் மாமா நின்றார். கம்பளித் தொப்பி, கழுத்தைச் சுற்றி அந்தப் பழைய துவாய். மழை தூறிக்கொண்டிருந்தது. "ஸ்டோர் மாமா" என்று பழக்கதோஷத்தில் கூப்பிட்டேன். திரும்பவில்லை. காது மந்தமாகிவிட்டதோ என்று கிட்டப் போய், "மாமா" என்றேன். உடனே திரும்பினார்.

"மாப்ள. எப்ப வந்த?"

வேலாயியின் காம்பராவில் குசினி மூலையில் பாய் போட்டுப் படுத்துக்கொள்கிறாராம். அந்த வீட்டில் அவர்களே ஆறு பேர். குளிருமே என்று கேட்டேன்.

"இங்க ஏசி சும்மா கெடைக்குது. பூட்டவும் ஆள் தேவையில்ல" என்று சொல்லிவிட்டு, என் முகம் போன போக்கைப் பார்த்து, "வெளையாட்டுக்குச் சொன்னேன் மாப்ள" என்றார். அன்றைக்கு ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன். திட்டவில்லை.

தேத்தண்ணீர் குடித்தோம். வெளியே இறங்கும்போது கடைக்காரர் பின்னாலிருந்து, "ஸ்டோர் அண்ணே, கொடைய விட்டுட்டுப் போறீங்க" என்று கத்தினார். மாமா நடந்துகொண்டே இருந்தார். கடைக்காரர் இன்னொரு தடவை கத்தினார். நான் குடையை வாங்கிக்கொண்டு ஓடிப்போய் அவர் கையில் கொடுத்தேன்.

"ஒங்களத்தானே மாமா கூப்பிடுறாரு. கேக்கலையா?"

"கேட்டுச்சு," என்றார். "நான் வேற யாரையோன்னு நெனச்சேன். ஸ்டோர்னா சாமான் வைக்கிற எடம் மாப்ள."